பின்வளவில் பத்துக் கீரை

ஏப்ரல் 12, செவ்வாய்

விடியற்காலை தொடங்கி மழை. நண்பகலுக்குப் பின் விட்டது. கந்தோர் அரை நாள். புத்தாண்டுக்கு ஊர் போகிறவர்கள் பதினொரு மணிக்கே பையைத் தூக்கிவிட்டார்கள். வரைபட மேசையில் நான் மட்டும். ஒரு வாய்க்காலின் குறுக்குவெட்டு, பாதியில்.

இரண்டு மணிக்குக் கட்டுகஸ்தோட்டைக்குத் திரும்பினேன். முன்வீட்டு ஹாஜியார் வாசலில் நின்றார். வீட்டுச் சொந்தக்காரர். அவருடைய பின் அறையில் இரண்டு வருடமாக இருக்கிறேன். எனக்காக அவர் வாசலில் நின்றதில்லை. பயந்துவிட்டேன்.

"மிஸ்டர் லிங்கம், வவுனியாலேந்து ஒங்களுக்கு டெலிபோன் கோல் வந்த. ஒங்கட வய்ஃப் பேசின. புள்ளயும் கூட ஈக்கிறாம்."

வவுனியாவில்! சுகந்தியும் ஆரணியும் கடலேரி கடந்து வந்துவிட்டார்கள்! வவுனியாவில்!

நாலு வருடம். நான் மாற்றலாகிக் கண்டிக்கு வந்த மூன்றாம் மாதம் சண்டை தொடங்கிப் பாதை அடைபட்டது. அன்று ஆ.வுக்கு மூன்றரை வயது. இப்போது ஏழரை. இடையில் கடிதம் மட்டும், அதுவும் எப்போதாவது.

செய்ய வேண்டியவை:
1. 'இவர்கள் என் வீட்டில்தான் தங்குவார்கள்' என்று வீட்டுக்காரர் கையெழுத்து வைத்த கடிதம். இது இல்லாமல் வவுனியாவைத் தாண்டி வரப் பாஸ் கொடுக்க மாட்டார்கள்.
2. அதில் கண்டிப் பொலிஸ் முத்திரை.
3. பாய் ஒன்று, தலையணை இரண்டு.
4. பிள்ளைக்குச் செருப்பு. கால் அளவு தெரியாது!!

மேசையில் உட்கார முடியவில்லை. அறையை இரண்டு தரம் கூட்டினேன்.

ஏப்ரல் 13, புதன்

காலை ஏழுக்கே ஹாஜியாரிடம். கதிரை தந்தார், தேத்தண்ணி தந்தார். கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். தாடியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"கையெழுத்து வெக்கிறது எனக்குப் பெரிய வேலயில்ல. ஆனா வூட்டுல ஜெஸீமா ஈக்கிறா. அவட்டக் கேக்காம ஏலா. கோவிச்சிக்காதீங்க."

எப்படிக் கோபிப்பது? ஜெஸீமா, ஹாஜியாரின் மனைவிக்குத் தங்கை. இருவரும் யாழ்ப்பாணத்தில் சோனகத் தெருவில் பிறந்தவர்கள். அக்கா (தங்கை கூப்பிடுவது 'லாத்தா') கண்டிக்குக் கலியாணம் முடித்து வந்துவிட்டார். தங்கை அங்கேயே இருந்தவர். முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற வேண்டும் என்று இயக்கம் அறிவித்த அன்று, கையில் ஒரு பையோடு வீட்டை விட்டு இறங்கியவர். அடுத்த வருடமே கணவர் இறந்துவிட்டார்.

இரண்டு வருடமாக ஒரே வளவு. ஒரு வார்த்தை பேசியதில்லை. அவரை நான் துரத்தவில்லை. ஆனால் துரத்தியவர்கள் பேசிய தமிழ்தான் என் வாயிலும். அவர் துணி காயப்போட வந்தால் நான் உள்ளே போய்விடுவேன்.

இனி அவர் கையில்.

பகல்: பசி. சாப்பாட்டுக் கடை பதினெட்டாம் திகதி வரை பூட்டு. பேக்கரியில் பாண் இல்லை. அறையில் அரிசி, பருப்பு, ஒரு தேங்காய், நாலு வெங்காயம். மரக்கறி? பூச்சியம்.

கதவைத் திறந்து பின்வளவைப் பார்த்தபடி நின்றேன். மார்ச் நடுப்பகுதி வரை செம்மண்ணும் கருகிய புல்லும்தான். மூன்று வாரப் பின்னேர மழை. இப்போது முழங்கால் உயரம் பச்சை. தினமும் பார்த்திருக்கிறேன், கண்ணில் படவில்லை. இன்று பட்டது.

மழைநீர் ஓடும் கான் ஓரமாகப் பொன்னாங்காணி! காடாக! யாரும் நடவில்லை, தண்ணீர் ஊற்றவில்லை. முழந்தாளிட்டுக் கிள்ளினேன். இரண்டு கை நிறைய. தேங்காய்ப்பூவும் செத்தல் மிளகாயும் போட்டு வறை. சட்டியோடு வைத்துச் சாப்பிட்டேன். கடைச் சோற்றில் நாலு வருடமாக இப்படி ஒரு வாய் கிடைத்ததில்லை.

சாப்பிட்ட கையோடு மறுபடியும் வளவுக்குப் போனேன். இன்னும் என்ன இருக்கிறது?

ஏப்ரல் 14, வியாழன்

வருடப் பிறப்பு. பட்டாசு. ஒவ்வொரு வெடிக்கும் உடம்பு தூக்கிப் போடுகிறது; பிறகு பட்டாசு என்று நினைவு வருகிறது.

இன்றைய கண்டுபிடிப்பு: குழாயடிக்குக் கீழே வல்லாரை. சாம்பல் கொட்டும் இடத்தில் குப்பைக்கீரை, இடுப்பளவு. மதில் ஓரம் சேம்பு, யானைக் காது போல இலை.

சேம்பு இலையைச் சுருட்டி நறுக்கிப் பாலில் வேகவைத்தேன். நல்ல வாசம். இரண்டு கவளம். பிறகு தொண்டைக்குள் ஆயிரம் எறும்பு! நாக்கு, உதடு, அண்ணம் எல்லாம் அரிப்பு. குழாயடியில் குனிந்து வாய் கொப்பளித்தேன், கொப்பளித்தேன், நிற்கவில்லை.

"தம்பி, புளி விட்டனீங்களோ?"

நிமிர்ந்தேன். துணிக் கொடிக்கு அப்பால் ஜெஸீமா. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கையில் ஈரத் துணி.

"இல்லை" என்றேன்.

"சேம்புக்குப் புளி விடாமல் ஆர் சமைச்சது? நில்லுங்கோ."

உள்ளே போய்ப் பழப்புளி ஓர் உருண்டை கொண்டுவந்து குழாயடிக் கல்லில் வைத்தார். என் கையில் தரவில்லை. வைத்துவிட்டுப் போய்விட்டார். வாயில் அடக்கிக்கொண்டேன். அரை மணி நேரத்தில் சுகம்.

அதே தமிழ். கொக்குவில் சந்தையில் கேட்பது போல. கடிதத்தைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வாய் முழுக்கப் புளி.

ஏப்ரல் 15, வெள்ளி

பட்டியல் (பின்வளவு, சமைக்கக் கூடியவை):
பொன்னாங்காணி
வல்லாரை
குப்பைக்கீரை
சேம்பு (புளியோடு!!)
புளியாரை: மூன்று இலை, மஞ்சள் பூ. பச்சையாகவே தின்னலாம். சம்பல் அரைத்தேன், அபாரம்
தகரை, இளங்குருத்து
மணத்தக்காளி
முடக்கொத்தான்: வேலியில், பலூன் காய்
பசளி, குப்பைக் குழிக்குப் பின்னால்

ஒன்பது! ஒன்பது! ஒருவரிடமும் கேட்காமல் மண் தந்தது. சு.வும் ஆ.வும் வரும் அன்று பத்துக் கீரையில் பத்துக் கறி. வாழையிலை விரித்து, நடுவே சோறு, சுற்றிவரப் பச்சை. பத்தாவதைத் தேட வேண்டும். கந்தோர்த் தட்டெழுத்தாளர் சோமா நெடுகச் சொல்லுவார், இலைக் கஞ்சி குடித்தால் உடம்புக்குப் பலம் என்று. நான் சிரிப்பேன். திங்கட்கிழமை அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

பிள்ளை மெலிந்திருப்பாள். கீரை நல்லது.

ஜெ. அக்கா (மனதுக்குள் அக்கா என்று வந்துவிட்டது) மாலையில் வளவின் அந்தப் பக்கம் குப்பைக்கீரை கிள்ளிக்கொண்டிருந்தார். நான் இந்தப் பக்கம். இருவரும் நிமிரவில்லை. கடிதம்? ஹாஜியார் ஜும்மாவுக்குப் போய் வந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 16, சனி

வந்தார். ஜெ. அக்கா நேரே வந்தார். நான் தகரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"உங்கட வீடு எவடம் தம்பி?"

"கொக்குவில், அக்கா."

"கொக்குவிலில எவடம்?"

சொன்னேன். தலையாட்டினார். அந்த ஒழுங்கையில் ஒரு தையல்காரி இருந்தாளாம், அவளிடம் வந்து போவாராம்.

"சோனகத் தெருவில எங்கட வீடு. நீலக் கேற். கிணத்தடி பின்னுக்கு. போகேக்க கதவைப் பூட்டித் திறப்பையும் அவங்களிட்டத்தான் குடுத்தனான். கேட்டாங்கள், குடுத்தன்."

சுளகைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என்ன சொல்ல? மன்னிப்பா? யாருக்காக நான் கேட்பது? "அக்கா" என்றேன்.

"நீங்க ஒண்டும் சொல்ல வேண்டாம். மச்சானிட்டக் கையெழுத்து வைக்கச் சொல்லிட்டன். ஏழு வயசுப் பிள்ளை வவுனியாவில சீமெந்துத் தரையில படுக்குது எண்டு லாத்தா சொன்னா. அது என்ன செய்தது?" ஒரு தகரை இலையை எடுத்துப் பார்த்தார். "இது முத்தல். எறியுங்கோ."

போகும்போது திரும்பினார். "மனிசி வந்தா நான் ஒண்டு கேக்கோணும். என்ர வீடு நிக்குதோ எண்டு."

வைக்கச் சொல்லிட்டன்! வைக்கச் சொல்லிட்டன்! அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிறகு முத்தல் இலைகளையெல்லாம் எறிந்தேன்.

ஏப்ரல் 18, திங்கள்

கந்தோருக்கு லீவு. ஹாஜியாரும் நானும் பொலிஸுக்கு. இரண்டரை மணி நேரம் மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். யார் வருகிறார்கள், எதற்கு, எத்தனை நாள், இவருக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்? ஹாஜியார் தொப்பியைச் சரிசெய்துகொண்டு சிங்களத்தில் ஒரே வசனம் சொன்னார்: "நம்ம வீட்டு ஆக்கள்." முத்திரை விழுந்தது. அந்த டப் சத்தம்!

தொலைத்தொடர்புக் கடையில் இருந்து கடிதத்தை வவுனியாவுக்கு ஃபாக்ஸ் செய்தோம். இரண்டு தரம் போகவில்லை. மூன்றாம் தரம் போனது. கடைக்காரப் பெண்ணுக்கு நன்றி சொல்லிச் சொல்லி அவளே கூச்சப்பட்டுவிட்டாள்.

திரும்பும் வழியில் குட்ஷெட் பஸ் நிலையத்தில் வவுனியா பஸ் எங்கே வந்து நிற்கும் என்று பார்த்து வைத்தேன்.

ஏப்ரல் 20, புதன்

செய்தி இல்லை. கந்தோரில் ஒரே கோட்டை மூன்று தரம் அழித்தேன். வழியில் பஸ்களில் ஆட்களை இறக்கிச் சோதிப்பதாகப் பேச்சு. பாஸ் இருந்தும் திருப்பி அனுப்பினார்களாம் ஒரு குடும்பத்தை. கேட்காமல் இருந்திருக்கலாம்.

சோமாவிடம் இலைக் கஞ்சி விஷயம் சொன்னேன். கைதட்டிச் சிரித்தார். பச்சரிசி, தேங்காய்ப்பால், வல்லாரைச் சாறு கடைசியில், கொதிக்கவிடக் கூடாது. ஒரு துண்டுக் கருப்பட்டி கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும். எழுதி வைத்தேன்.

வளவில் ஒன்றையும் கிள்ளவில்லை. அவர்களுக்காக வளரட்டும்.

ஏப்ரல் 22, வெள்ளி

பாஸ் கிடைத்தது!!! நாளை வருகிறார்கள்!!!

ஹாஜியார் வீட்டுத் தொலைபேசியில் சு.வின் குரல். நாலு வருடத்துக்குப் பின் முதல் தரம். "கேக்குதே? கேக்குதே?" என்று இருவரும் மாறி மாறி. மூன்று நிமிடத்தில் பாதி அதுதான். "ஆரணியிட்டக் குடு" என்றேன். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. "வெக்கப்படுறாள்" என்றாள் சு.

மழைக்கு முன் அறுவடை. என் மண்ணெண்ணெய் அடுப்பில் பத்துக் கறி நடக்காது. ஜெ. அக்கா: "காலமை எங்கட குசினிக்குக் கொண்டாங்கோ. நான் தேங்காய் துருவித் தாறன்."

பத்தாவதும் கிடைத்தது! படிக்கட்டுக் கல் இடுக்கில் சிவப்புத் தண்டோடு பருப்புக்கீரை. தினமும் மிதித்து நடந்திருக்கிறேன்.

ஏப்ரல் 23, சனி

வந்துவிட்டார்கள்.

எழுத முடியுமா தெரியவில்லை. முயல்கிறேன்.

பன்னிரண்டுக்கு வர வேண்டிய பஸ் நாலு மணிக்கு. அதற்குள் என் அடையாள அட்டையை இரண்டு பொலிஸ்காரர் பார்த்தார்கள். பஸ் நின்றது. கடைசியாக இறங்கினார்கள். சு.வின் முன்தலை நரைத்திருக்கிறது. கன்னம் உள்ளே போயிருக்கிறது. சிரித்தாள், அது அப்படியே இருக்கிறது. அவளுக்குப் பின்னால் ஒட்டவெட்டிய தலையோடு, உயரமாக, ஒரு பிள்ளை. என்னுடைய மூக்கு. சேலைத் தலைப்புக்குள் பாதி முகம்.

வாங்கி வைத்த செருப்பு இரண்டு அளவு சின்னது.

வீட்டுக்கு வந்ததும் ஆ. சுவிட்சைக் கண்டாள். போட்டாள். லைட் எரிந்தது. அணைத்தாள். போட்டாள். இருபது தரம் இருக்கும். அங்கே நாலு வருடமாகக் கரண்ட் இல்லை. யாரும் தடுக்கவில்லை.

பிறகு என் விருந்து. பாயில் வாழையிலை மூன்று. நடுவே வெள்ளைச் சோறு. ஜெ. அக்காவும் நானும் காலையில் இருந்து சமைத்த பத்தும் சுற்றிவர. வறை, சம்பல், கடையல், பால்கறி, முடக்கொத்தான் ரசம். ஒவ்வொன்றுக்கும் பெயர் சொன்னேன், எங்கே பிடுங்கினேன் என்று சொன்னேன். வாய் மூடவில்லை நான்.

ஆரணி இலையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தாயிடம் மெல்லக் கேட்டாள். மெல்லத்தான், ஆனால் கேட்டது:

"அம்மா, இஞ்சயும் ஆமி சாமான் விடுறேல்லையோ? இஞ்சயும் இலைதானோ?"

சு. வாயைப் பொத்தினாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கிறாள்! கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறாள். "ஐயோ, உங்களுக்கு எப்பிடிச் சொல்லுறது? நாலு வருசமா நாங்க இதைத்தான் திண்டனாங்கள். இதை மட்டும்தான். பிள்ளை வவுனியாவில இருந்து பட்டர் பூசின பாணைப் பற்றியே கதைச்சுக்கொண்டு வந்தவள்."

முட்டாள். நான் பெரிய முட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு சந்திக்கு ஓடினேன். பாண், பட்டர், ஜாம், பெரிய சோடாப் போத்தல். ஆ. ஐந்து துண்டு சாப்பிட்டாள். ஆறாவதைக் கையில் வைத்துக்கொண்டே உறங்கிவிட்டாள்.

பத்துக் கறியையும் சு.வும் நானும் சாப்பிட்டோம். பொன்னாங்காணியை இரண்டாம் தரம் கேட்டாள். ஒப்புக்குக் கேட்கவில்லை, எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 24, ஞாயிறு

காலை வெயில். கண் விழித்தேன், பிள்ளையைக் காணவில்லை. பின்வளவில் இருந்தாள். சட்டையை ஏணையாகப் பிடித்து, அதற்குள் இலை.

"இதையேன் விட்டனீங்கள்?" என்னிடம் அவள் நேரே பேசிய முதல் வார்த்தைகள். நீலப் பூப் பூக்கும் ஒரு களை. நான் நாலு தரம் பிடுங்கி எறிந்தது.

"இது களையெல்லோ?"

"கானாவாழை. நல்ல கீரை. தண்டை எறிஞ்சுபோட்டு இலையை மட்டும் போடோணும்." ஒரு தரம் சுற்றிப் பார்த்தாள். "இந்த வளவு நல்லது. உங்களுக்குத்தான் வடிவாத் தெரியேல்லை."

என் மகள்! என்ன பெருமை எனக்கு! நாங்கள் இருவரும் ஒரு மணி நேரம். அவள் முன்னே, சுளகோடு நான் பின்னே. இன்னும் மூன்று கீரை காட்டினாள். பாண் வேண்டுமா என்று கேட்டேன். "பாணும் வேணும்" என்றாள்.

பத்து மணி போல ஜெ. அக்கா வட்டிலப்பம் கொண்டுவந்தார். சு.வுக்குப் பக்கத்தில் படியில் அமர்ந்து தானும் கீரை ஆயத் தொடங்கினார். வவுனியா, பஸ், மழை என்று கொஞ்ச நேரம். பிறகு கேட்டார்.

"தங்கச்சி, சோனகத் தெருப் பக்கம் போறனீங்களோ?"

அக்கா இதைக் கேட்பார் என்று நேற்றே சு.விடம் சொல்லியிருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். "அவ்வளவா இல்லை அக்கா, இடைக்கிடை..."

"நாங்க நெடுகப் போறனாங்கள்" என்றாள் ஆரணி. "அங்கதான் கீரை. ஆக்கள் இல்லாத வீடுகள். அம்மா சைக்கிள் பிடிச்சுக்கொண்டு நிப்பா, நான் உள்ள போய்ப் பிடுங்குவன்."

சு.வின் கை அப்படியே நின்றது. எனக்கு உள்ளே போய்விட வேண்டும் போல இருந்தது.

அக்கா ஆரணியைப் பார்த்தார். "என்ன கீரை?"

"முசுட்டை, சாரணை. ஒரு வீட்டில தூதுவளை, கிணத்தடியில."

"நீலக் கேற் போட்ட வீடோ?"

"ஒரு வீட்டிலயும் கேற் இல்லை அன்ரி. கழட்டிக்கொண்டு போட்டினம். கூரையும் இல்லை."

அக்கா ஒரு காம்பை ஒடித்தார். இன்னொரு காம்பை ஒடித்தார். இலை ஒன்றும் சுளகில் விழவில்லை, மடியில் விழுந்தது.

"முசுட்டை எதில ஏறி நிண்டது? மதில்லயோ, கிணத்துக் கட்டிலயோ?"

ஆரணி யோசித்தாள். சும்மா சொல்லவில்லை, யோசித்தாள். "நிறைய வீட்டில நிண்டது. மதில்லயும் நிண்டது, கிணத்துக் கட்டிலயும் நிண்டது."

"அப்ப எங்கட வீடாவும் இருக்கும்."

சு. அழத் தொடங்கிவிட்டாள். "அக்கா, கேக்காமல்... வேற வழி இல்லை அக்கா, பிள்ளைக்கு..."

"ஆரிட்டக் கேக்கிறது?" என்றார் அக்கா. கோபமாகவா? அப்படித்தான் முதலில் பட்டது. பிறகு சு.வின் முழங்காலில் கையை வைத்தார், எடுக்கவில்லை. ஆரணியிடம் கேட்டார்: "வயிறு நிறைஞ்சதோ?"

"ஓம். முசுட்டை வறை எனக்கு நல்ல விருப்பம்."

"எனக்கும்தான். இஞ்ச அது இல்லை. வந்த நாளில இருந்து தேடுறன்."

"நேற்று பஸ்ஸில வரேக்க கண்ட ஆத்தங்கரையில பாத்தனீங்களோ?"

"தனியப் போகப் பயம்."

"நான் வாறன்" என்றாள் ஆரணி. பையைத் தேடினாள், கிடைக்கவில்லை, என் கந்தோர்ப் பையில் இருந்த வரைபடங்களை வெளியே எடுத்துவைத்துவிட்டு அதை எடுத்தாள். அக்கா முகத்தை முக்காட்டால் துடைத்துக்கொண்டு எழுந்தார். இருவரும் கேற்றைத் திறந்து இறங்கிப் போனார்கள். பிள்ளை முன்னே, எதையோ கை நீட்டிக் காட்டிக்கொண்டு.

சு. படியிலேயே இருக்கிறாள். நான் இதை எழுதுகிறேன். ஆற்றங்கரையில் முசுட்டை இருக்காது. இந்த ஈர மண்ணில் அது வராது என்றுதான் நினைக்கிறேன். வேறு ஏதாவது கிடைக்கும். வானம் இருட்டுகிறது, குடை கொண்டுபோகவில்லை. குடையோடு போகிறேன்.